ஓ-சிக்ஸில் செத்துப்போன ஆள்

ஒரு புரதத்தைப் பிணம் என்று நினைத்துக்கொண்டு, வாட்ச்மேனை முன்னால் அனுப்பி, பூட்டிய வீட்டைத் திறந்து தேடிய ஹவுசிங் சொசைட்டி செக்ரட்டரி பம்பாயில் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் காலனியில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. உங்களுக்கும் எப்படியாவது யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும் என்ற நப்பாசைதான்.

அந்தப் புரதத்துக்கு உரிமைக்காரி, ஓ-சிக்ஸ் அக்கா. இந்த ஊரில் மனிதர்கள் எது எதன் மேலோ பைத்தியமாகத் திரிவதைப் பார்த்திருக்கிறேன். ஷேர் மார்க்கெட், கிரிக்கெட், லோக்கல் வண்டியில் ஜன்னலோர சீட்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத, ஒரே ஒரு வேலையைச் செய்துவிட்டுச் செத்துப்போகிற ஓர் ஆளுக்காக ஆயுள் முழுக்க வக்காலத்து வாங்கிய மனுஷி, இந்த உலகத்திலேயே அக்கா ஒருத்திதான்.

எங்கள் காலனி செம்பூரில், ஸ்டேஷனுக்குக் கிழக்கே. பழைய கட்டடங்கள். பெயர் வைக்கச் சோம்பேறித்தனப்பட்டு ஏ, பி, சி என்று ஆரம்பித்து ஆர் வரைக்கும் போய் நிறுத்தியிருக்கிறார்கள். அக்கா இருந்தது ஜே பில்டிங், தரைத் தளம். அணுசக்தி நகர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. கைத்தறிச் சேலை, அதற்குக் கீழே ஆம்பிளைகள் போடுகிற கான்வாஸ் ஷூ, இதுதான் கோலம். காலையில் கேட்டுக்கு வெளியே ஸ்டாஃப் பஸ்ஸுக்காக நின்றுகொண்டு போனில் பேசுவார். பேசுவார் என்பது மரியாதைக்குச் சொல்வது. காட்கோபரில் இருக்கிற தங்கச்சிக்கு போன் இல்லாமலே கேட்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை காலையில் நான் பால் வாங்கிக்கொண்டு வரும்போது காதில் விழுந்தது இது:

"ஆமா... ஓ-சிக்ஸ்ல போயி உக்காந்துட்டாம்லா நம்ம ஆளு? வேல முடிஞ்சுதா? செத்துட்டானா? ரொம்ப நல்லதாப் போச்சு. இல்ல இல்ல, ஒண்ணுஞ் செய்யாண்டாம், அப்பிடியே கெடக்கட்டும். பஸ்ஸு வந்ததும் வந்து நாம் பாக்கேன்."

கையிலிருந்த பால் பாக்கெட் நழுவியது. ஓ பில்டிங் ஆறாம் நம்பர் வீடு பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர் மஸ்கட்டில். போதாததற்கு, அந்த மாடியில் ஏதோ நாற்றம் என்று பக்கத்து வீட்டம்மா இரண்டு தடவை புகார் கொடுத்திருந்தார். 'எலி செத்திருக்கும்' என்று நான்தான் தட்டிக் கழித்திருந்தேன்.

மஸ்கட்காரர் ஒரு சாவியை ஆபீசில் கொடுத்து வைத்திருந்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். உத்தரப் பிரதேசத்துக்காரர், முறுக்கு மீசை, கையில் தடி. கதவைத் திறந்ததும் அடித்த வாடையில் நான் இரண்டு படி கீழே இறங்கிவிட்டேன். "நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரேன்" என்று இந்தியில் சொன்னேன். செக்ரட்டரி என்றால் எல்லாவற்றையும் பின்னால் நின்று மேற்பார்வை பார்ப்பவன்தானே.

சமையலறைப் பரணில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் கருவாடு. எந்தக் காலத்தில் தூத்துக்குடியிலிருந்து வந்ததோ. வாட்ச்மேன் சுத்த சைவம். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சாப், யே ஆத்மி தோ பஹுத் சோட்டா ஹை" என்றார். செத்த ஆள் ரொம்பச் சின்னதாக இருக்கிறானாம்.

இதற்குள் மாடிப்படியில் கூட்டம். கூட்டத்தைக் கண்டு அக்காவும் வந்துவிட்டார். அன்றைக்கு பஸ் லேட்.

"என்ன செக்ரட்டரி, யாரத் தேடுதீங்க?"

"நீங்கதானக்கா சொன்னீங்க, ஓ-சிக்ஸ்ல ஒங்க ஆளு செத்துக் கெடக்கான்னு."

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்து நாலு பேர் விசிறிவிட்டார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களையும் படியில் உட்காரச் சொன்னார். ஒரு பாட்டம் கருவாட்டு வாசனையோடு நான் கற்றுக்கொண்ட உயிரியல் அது.

"நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு ஒரு நீள நூலு இருக்கு. ரெட்டை நூலு. நாலே நாலு எழுத்த மாத்தி மாத்திப் போட்டு எழுதியிருக்கும். அதுல ஜி-ன்னு ஒரு எழுத்து. அந்த ஜி-க்கு ஆறாவது எடத்துல ஒரு ஆக்சிஜன் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதாம் ஓ-சிக்ஸ்."

"பில்டிங் இல்லையா?"

"பில்டிங் இல்ல. பொகையிலையில உள்ள சில கெமிக்கல் ஒடம்புக்குள்ள போச்சுன்னா, அந்த ஓ-சிக்ஸ்ல சின்னதா ஒரு பொட்டு வச்சிட்டுப் போயிரும்."

"பொட்டு வச்சா நல்லாத்தான இருக்கும்?"

"அந்த எழுத்து மாறுவேசம் போட்ட மாதிரி ஆயிரும் செக்ரட்டரி. செல்லு ரெண்டாப் பிரியும்போது நூலப் பாத்து நகல் எடுக்கும்லா? அப்ப ஜி-ய ஏ-ன்னு படிச்சிரும். ஒங்களுக்குத் தெரியாததா, ஜெராக்ஸ் கட வச்சிருக்கியளே? ஒரிஜினல்ல தப்பு இருந்தா காப்பி பூரா தப்பு. அந்தத் தப்பு வரக்கூடாத எடத்துல வந்துட்டா, கேன்சர் அங்கனதான் கால் ஊணும்."

"அப்ப ஒங்க ஆளு?"

அக்காவின் குரல் இறங்கியது. கல்யாண வீட்டில் பிள்ளையின் பெருமையை அடக்கி வாசிக்கிற தாயின் குரல்.

"எம் ஆளு ஒரு புரதம். செல்லுக்குள்ளயே திரியுவான். நூலத் தடவிக்கிட்டே வருவான். பொட்டு வச்ச எழுத்தக் கண்டா அத மெதுவா வெளிப்பக்கம் திருப்பி, அந்தப் பொட்ட எடுத்துத் தம் மேலயே ஒட்டிக்கிடுவான். எழுத்து சுத்தமாயிரும். ஆனா ஒட்டினது ஒட்டினதுதான். அவனால அதக் கழத்த முடியாது. இன்னொரு பொட்ட எடுக்கவும் முடியாது. செல்லு அவன ஒடச்சுக் குப்பையில போட்டிரும். ஒரு பொட்டுக்கு ஒரு ஆளு."

"நட்டமான யாவாரமா இருக்கே அக்கா!"

"யாவாரமா பாத்தா நட்டந்தான்."

தமிழ் தெரியாத வாட்ச்மேன் என்ன விஷயம் என்று கேட்டார். அக்கா இந்தியில் சுருக்கமாகச் சொன்னார். அவர் கருவாட்டு டின்னைக் கீழே வைத்தார், தடியை இடது கைக்கு மாற்றினார், "தோ வோ ஷஹீத் ஹுவா, மேடம்" என்றார். அப்படியென்றால் அவன் வீரமரணம் அடைந்திருக்கிறான். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்ததைத் தவிர.

அன்றிலிருந்துதான் அவர் ஓ-சிக்ஸ் அக்கா. உண்மைப் பெயர் வீட்டு வரி ரசீதில் மட்டும் இருந்தது.

அக்கா தாராவியில் வளர்ந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா தோல் பதனிடும் பட்டறைக்கு வேலைக்கு வந்தார். சாயத்தொட்டியில் வேலை. "எங்கப்பா உள்ளங்கை ஞாயித்துக்கெழமையும் நீலமாத்தான் இருக்கும்" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்த அப்பா மூத்திரப்பையில் கட்டி வந்து போனார். சாயத்தினாலா என்று கேட்டதற்கு, "அவரு ஒருத்தர வச்சு அப்பிடிச் சொல்ல முடியாது செக்ரட்டரி" என்றார். விஞ்ஞானியாகச் சொன்ன பதில். ஆனால் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த பெண், கெமிக்கல் எப்படி எழுத்தைக் கெடுக்கிறது, கெட்ட எழுத்தை யார் வந்து சரிசெய்கிறார்கள் என்று ஆயுளுக்கும் தேடப் போனதற்கு அந்த நீலம்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

அக்காவால் காலனியில் யாரும் நிம்மதியாக சிகரெட் பிடித்ததில்லை. அறிவுரை சொன்னால் பிடித்துவிடலாம். அக்கா அறிவுரை சொல்வதில்லை, வர்ணனை செய்வார். கடை வாசலில் நான் பற்றவைத்தால் போதும், பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்.

"இப்ப ஒரு இழுப்பு. நுரையீரலுக்குப் போயிருச்சு. தார்ல உள்ள ஒரு சாமான் செல்லுக்குள்ள எறங்குது. செல்லுக்கு அதக் கண்டா பிடிக்கல. தண்ணியில கரையுத மாதிரி மாத்தி வெளிய தள்ளிருவோம்னு பாக்குது. நல்ல எண்ணந்தான். ஆனா மாத்துத போதுதான் அந்தச் சனியன் பசை மாதிரி ஆகி டி.என்.ஏ.யில அப்பிக்கிடுது. ம்... ரெண்டாவது இழுப்பு."

"அக்கா, புண்ணியமாப் போவும். ஒண்ண முடிக்க விடுங்க."

"நீங்க பிடிங்க. ஒங்க ஒடம்பு, ஒங்க ஆளுங்க. அவங்க வேலைக்குக் கெளம்பிட்டாங்க."

எனக்குள்ளே ஒரு பெரிய தொழிற்சாலை என்னைத் திட்டிக்கொண்டே ஓவர்டைம் பார்ப்பதுபோலத் தோன்றும். ஆயுள் கூடும் என்பதற்காக சிகரெட்டை விட்டவர்கள் உண்டு. உள்ளே இருப்பவர்கள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு விட்டவன் நான்.

அந்தத் தார்ச் சாமானை எடுப்பது எப்படி என்று அக்கா எனக்கு விளக்கியது மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று. குர்லாவில் வண்டி மாறி ஏறினோம். எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவதாக ஒருவர் ஒட்டிக்கொள்வது இந்த ஊர்ச் சட்டம். அதற்கு ஃபோர்த் சீட் என்று பெயரே உண்டு. அன்று நாலாவதாக வந்தவர் நல்ல ஆகிருதி. மடியில் ஒரு மிக்ஸி பெட்டி வேறு. "தோடா சரக்கோ", அதாவது கொஞ்சம் தள்ளு, என்று சொல்லி உட்கார்ந்ததில், ஜன்னலோரம் இருந்த நான் பாதி கம்பிக்கு வெளியே போய்விட்டேன்.

எதிர் பெஞ்சிலிருந்த அக்காவின் முகம் மலர்ந்தது.

"இதாம்லா செக்ரட்டரி! பாருங்க, பெஞ்சே வளஞ்சு போச்சு. நூலு இப்பிடித்தான் புடைச்சு நிக்கும். ரிப்பேர் ஆளுங்க எழுத்தெல்லாம் படிக்க மாட்டாங்க. எங்க புடைப்பு இருக்குன்னு தடவித்தான் பாப்பாங்க."

"பாத்து? அந்த ஆள மட்டும் எறக்கிவிடுவாங்களா?"

"முடியாது. அவன் பக்கத்து ஆளோட ஒட்டிக்கிட்டாம்லா. அந்தப் பக்கம் ஒரு வெட்டு, இந்தப் பக்கம் ஒரு வெட்டு. நல்லவன் கெட்டவன் பாக்காம அந்தத் துண்டையே தூக்கிருவாங்க."

"ஜன்னல் சீட்டுக்காரனையுமா?"

"ஒங்களையுந்தான். பெறகு எதுத்த பெஞ்சப் பாப்பாங்க. இந்த எழுத்துக்கு எதுரா இந்த எழுத்துதான் உக்காரணும்னு கணக்கு இருக்கு. எதுத்த பெஞ்சு சரியா இருந்தா, அதப் பாத்தே இந்தப் பெஞ்சுல புதுசா ஆளு வச்சு நெரப்பிருவாங்க. கடேசில ஒருத்தன் வந்து ஓரத்த ஒட்டிட்டுப் போவான்."

சொன்னதோடு நிற்காமல், எழுந்து, மிக்ஸிக்காரரையும் நடுவில் இருந்த இருவரையும் என்னையும் கையைக் காட்டி எழச் சொன்னார். அவர் குரலுக்கு டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து மற்ற மூவரும் எழ, நானும் எழுந்துவிட்டேன். நின்றுகொண்டிருந்த வேறு நால்வர் அந்த நொடியில் உட்கார்ந்துவிட்டார்கள். மாட்டுங்கா வரைக்கும் நின்றுகொண்டே போனேன். மிக்ஸிக்காரர் என் காலை மிதித்துக்கொண்டே வந்தார். அக்காவுக்குப் பரம திருப்தி. "சரியா நெரம்பிருச்சு பாத்தீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் என்றால் செம்பூரே ரயில்வேயைச் சபிக்கும். தண்டவாளம் பழுதுபார்க்க வண்டியை நிறுத்திவிடுவார்கள். அக்கா மட்டும் பிளாட்பாரத்தில் நின்று அதை ஆதரித்துப் பேசுவார். "ஓடுத வண்டிக்கு அடியில கைய விட்டு போல்ட்டு முடுக்க முடியுமா? செல்லும் அப்பிடித்தான். அடி பலமா பட்டிருந்தா, பிரியுதத நிறுத்திப்போட்டு ரிப்பேர் பாக்கும். சரிபண்ணவே முடியாத அளவுக்குப் போயிருச்சுன்னா தன்னத்தானே முடிச்சுக்கிடும். நிறுத்தத் தெரியாத செல்லுதான் கட்டியா வளருது." கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், "மேடம் ரயில்வேயா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அக்காவிடம் சண்டைக்குப் போய்விட்டார்.

இவ்வளவும் பேசுகிறவர் சாப்பாட்டில் எப்படி என்றால், கத்தரிக்காயை அடுப்பில் கரியாகச் சுட்டு, கறுப்புத் தோலோடு பிசைந்து சாப்பிடுவார். "என்னக்கா இது, கரியாச்சே?" என்றால், "உள்ள இருக்கவங்க சும்மா இருந்தா சோம்பேறி ஆயிருவாங்க" என்பார். அது விஞ்ஞானமா நாக்கா என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒரு சொசைட்டி மீட்டிங். தண்ணீர்த் தொட்டி கழுவும் விஷயம். அக்கா எழுந்து பேச ஆரம்பித்தார். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டது. அக்கா நிமிர்ந்து பார்த்து, "அந்த மழைய நிறுத்துங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அக்காவின் நையாண்டி என்று நினைத்தோம். நான் சும்மா இருப்பேனா, "இருங்கக்கா, குடைய எடுத்துட்டு வாரேன்" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றார். மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கடைக்கு வந்தார். கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"செக்ரட்டரி, எனக்குச் சொல்லு மாறுது. நேத்து மட்டும் இல்ல. நெனைக்கது ஒண்ணு, வாயில வாரது ஒண்ணு. படம் எடுக்கச் சொல்லியாச்சு."

மூளையின் இடது பக்கம், பேச்சு இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கட்டி. கெட்ட ஜாதிக் கட்டி. தலையைத் திறந்து, எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். அக்காவின் தங்கச்சி செல்வி காட்கோபரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு ஜே பில்டிங்குக்கே வந்துவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா தலையில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொற்கள் கொஞ்சம் திரும்பியிருந்தன. ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று போனவனுக்கு, நோயாளிதான் பாடம் எடுத்தார்.

"இனிமே ரேடியேஷன். கூடவே ஒரு மாத்திரை. அந்த மாத்திரை என்ன செய்யும் தெரியுமா?"

"சொல்லுங்கக்கா."

"ஓ-சிக்ஸ்ல பொட்டு வைக்கும்."

எனக்குப் புரிய நேரமாயிற்று. "அதத்தான கெட்டதுன்னு சொல்லுவீங்க?"

"கெட்டதுதான். கட்டிக்கும் கெட்டதுலா? கட்டியோட செல்லுதான் வெறிபிடிச்சுப் பிரிஞ்சுக்கிட்டே இருக்கே. பொட்டோட பிரியப் போனா, தப்பு விழும். அதத் திருத்தித் திருத்திப் பாத்து, முடியாம அந்தச் செல்லு சாகும். அதுக்குத்தான் மாத்திரை."

"அப்ப ரொம்ப நல்லதுக்கா. பொட்டா வச்சுத் தள்ளிருவோம்."

அக்கா ஜன்னலைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா... ஒங்க ஆளு?"

"அதாம்."

கட்டியின் செல்லுக்குள்ளும் அந்த ஆள் இருக்கலாம். இருந்தால், மாத்திரை வைக்கிற பொட்டை எல்லாம் வரிசையாக எடுத்துக்கொண்டே இருப்பான். கட்டி பிழைத்துக்கொள்ளும். சில பேருடைய கட்டியில் மட்டும், அவனை உண்டாக்குகிற சுவிட்சு மூடிக் கிடக்குமாம். அப்படி இருந்தால் மாத்திரை நன்றாக வேலை செய்யும். நாள் கூடக் கிடைக்கும். எடுத்த கட்டியில் ஒரு துண்டை அதற்காகத்தான் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ரிப்போர்ட்டுல மெத்திலேட்டட்னு இருந்தா சுவிட்சு மூடியிருக்குன்னு அர்த்தம். முன்னால ஒரு 'அன்' சேந்து வந்தா தொறந்திருக்குன்னு அர்த்தம்" என்றார்.

"அன் இல்லாம வரணும்."

"அன் இல்லாம வரணும்." பிறகு, சொல் தேடித் தேடி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "வேலைக்குச் சேந்த நாள்லேருந்து, ஒவ்வொரு சோதனையிலயும், அவன் வந்துட்டானா வந்துட்டானான்னு பாத்துக்கிட்டு இருந்தவ செக்ரட்டரி நான். இப்பதாம் மொதத் தடவ, வராதடா ராசான்னு கெஞ்சுதேன்."

அன்று மாலை முருகன் கோயிலுக்குப் போனேன். எனக்குச் சாமி கும்பிடத் தெரியும் என்பதே என் மனைவிக்கு அன்றுதான் தெரியும். தமிழ்க் கடவுளின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, ஓர் ஆங்கில முன்னொட்டை நீக்கித் தரச் சொல்லி மன்றாடினேன். அவருக்கு என்ன புரிந்ததோ.

ரிப்போர்ட் வந்த அன்று அக்காவே கடைக்கு வந்தார். செல்வி கையைப் பிடித்திருந்தார். ஒரு தாளை நீட்டி, "ரெண்டு காப்பி" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து, மூடியை மூடி, பட்டனை அழுத்தினேன். வெளிச்சம் ஓடியது. காப்பி வந்து விழுந்தது. பார்த்தேன். மெத்திலேட்டட் இருந்தது. அதற்கு முன்னால் அந்த இரண்டு எழுத்தும் இருந்தன.

மெஷின் கண்ணாடியில் அழுக்கு இருந்தால், ஒரிஜினலில் இல்லாததெல்லாம் காப்பியில் விழும். இந்தத் தொழிலில் அது சகஜம். கண்ணாடியைத் துணியால் துடைத்தேன். மறுபடி எடுத்தேன். இருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து இன்னொரு தடவை எடுத்தேன். ஒரிஜினலைப் புரட்டிப் பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.

"செக்ரட்டரி" என்றார் அக்கா. "மெஷின் நல்லாத்தான் இருக்கு. விட்டிருங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. டிரேயில் காகிதம் அடுக்குவதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

"வந்துட்டாம்லா" என்றார்.

அப்போது திரும்பினேன். அந்த முகத்தை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பயம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பெற்ற பிள்ளை எதிர்க்கட்சியில் நின்று தன்னையே தோற்கடித்துவிட்டால் ஒரு தாய் எப்படி இருப்பாளோ, அதுவும் கொஞ்சம் இருந்தது. செல்விதான் அழுதார். காப்பிக்குக் காசு கொடுக்க வந்தவரை நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன்.

தீபாவளிக்கு அப்புறம் அக்கா இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைப் பதறவைக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

மாத்திரையும் ரேடியேஷனும் நடந்தன. சுத்தமாக வீண் இல்லை, கொஞ்சம் பிடித்து நிறுத்தும் என்றார் டாக்டர், நிறுத்தியது. ஒரு மழைக்காலம் முழுவதையும் அக்கா பார்த்தார். ஆனால் சொற்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. முதலில் இங்கிலீஷ். அதோடு அவர் எழுதிய கட்டுரைகள் எல்லாம் அவருக்கே அன்னியமாகிவிட்டன. அப்புறம் இந்தி. வாட்ச்மேன் வந்து இந்தியில் நலம் விசாரிப்பார். அக்கா தமிழில் தலையாட்டுவார். கடைசியில் மிஞ்சியது தாராவித் தெருவில் பேசிய தமிழ். அதிலும் பாதி இடம் மாறிக் கிடந்தது. என்னை ஒரு நாள் "வா ஜன்னல்" என்று கூப்பிட்டார். வந்தேன்.

நான் கடைசியாகப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தார். கை மெலிந்து, வளையல் முழங்கை வரைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. செல்வி மாத்திரையை எடுத்து வந்து வாயில் வைத்தார். அக்கா கஷ்டப்பட்டு விழுங்கினார். அந்த விழுங்கலைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ கிளம்பிவிட்டது. இந்த மாத்திரை உள்ளே போய்ப் பொட்டு வைக்கும். அந்தப் பயல் வந்து எடுப்பான். நாளைக்கும் வைக்கும். நாளைக்கும் எடுப்பான்.

சிரிக்கவைக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எனக்கு ஆத்திரமா வருதுக்கா. அவனுக்காக எத்தன பேர்கிட்ட சண்ட போட்டிருப்பீங்க! எத்தன மேடையில ஏறிப் பேசியிருப்பீங்க! ஊரு பூரா அவம் பெருமைய நீங்கதான பாடினீங்க? கடேசில ஒங்களுக்கே குழி வெட்டுதானே! வெக்கம் வேண்டாமா அவனுக்கு? நன்றிகெட்ட பய!"

"அண்ணாச்சி, மெதுவா" என்றார் செல்வி.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. ஏதோ ஒரு சொல் வந்தது; அது இல்லை என்று தலையை ஆட்டித் தள்ளினார். இன்னொன்று வந்தது, அதையும் தள்ளினார். செல்வி தண்ணீர் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று கையால் விலக்கினார். நெற்றி சுருங்கி, பட்டறையில் எடை தூக்குகிறவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. "விடுங்கக்கா, ஒண்ணுஞ் சொல்லாண்டாம்" என்று நான் எழப்போனேன். என் சட்டைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அவன் வேலைய அவன் பாக்கான்."